ஆவடி வழியே மங்களூர் மெயில்

மேற்குப் பாதை – வரலாற்றுத் தொடர் – 14

சென்னை சென்ட்ரலிலிருந்து இரவு எட்டு மணிக்குச் சற்றுப் பின் கிளம்பும் மங்களூர் மெயில், மறுநாள் நண்பகல் வாக்கில் அரபிக் கடலோரம் போய்ச் சேர்கிறது. ஏறத்தாழ 890 கிலோமீட்டர் தூரம். அரக்கோணம், காட்பாடி, ஜோலார்பேட்டை, சேலம், ஈரோடு, பாலக்காடு, ஷொரணூர், கோழிக்கோடு, கண்ணூர் என்று அந்த வழி மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் நம்மில் ஏராளம். அவர்களிடம் முதல் இருபது கிலோமீட்டரைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்கு ஒன்றும் இருக்காது. வில்லிவாக்கம், கொரட்டூர், பட்டரவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அண்ணனூர், ஆவடி என்று ஊர்கள் சன்னலுக்கு வெளியே ஓடும் நேரத்தில் பயணிகள் பெட்டியை இருக்கைக்கு அடியில் தள்ளிச் சங்கிலி போட்டுக்கொண்டிருப்பார்கள், அல்லது இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த அத்தியாயம் அந்த இருபது கிலோமீட்டரைப் பற்றியது. தென்னிந்தியாவின் முதல் நீண்ட இருப்புப் பாதை எந்த மண்ணைக் கடந்து போனதோ, அந்த மண்ணின் பக்கம் நின்று அதன் கதையைப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

சென்ற வாரம் செங்குன்றத்துச் செம்புராங்கற்களைச் சிந்தாதிரிப்பேட்டை வரை கொண்டுவந்த சிறு பாதையைப் பார்த்தோம். 1837-ல் ஓடத் தொடங்கிய அந்தப் பாதை சாலை போடக் கல் சுமந்தது. அதன் நோக்கம் எளிமையானது, உள்ளூருக்கானது. அதற்குப் பதினாறு ஆண்டுகளுக்குப் பிறகு வந்த பாதையின் நோக்கம் வேறு. 1853-ல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசி எழுதிய புகழ்பெற்ற குறிப்பில், இந்தியாவுக்குத் தேவையான பெரும்பாதைகளில் ஒன்றாகச் சென்னையையும் மேற்குக் கடற்கரையையும் இணைக்கும் பாதை இடம்பெற்றது. கீழைக் கடலையும் மேலைக் கடலையும் இரும்பால் கட்டிப்போடுவது. இடையில் இருக்கும் கோயம்புத்தூர், சேலம் வட்டாரங்களின் பஞ்சைத் துறைமுகத்துக்கு இழுப்பது. ஆற்காடு, பெங்களூர் பாசறைகளில் இருக்கும் படைகளை ஓர் இரவில் நகர்த்துவது. இந்த மூன்றும்தான் கணக்கு. நடுவில் எந்தக் கிராமம் இருக்கிறது என்ற கேள்விக்கு அதில் இடமில்லை.

அந்தக் கணக்குக்குப் பணம் போட்டவர்கள் லண்டனில் இருந்தார்கள். மெட்ராஸ் ரயில்வே கம்பெனியின் பங்குதாரர்களுக்கு லாபம் வந்தாலும் வராவிட்டாலும் குறிப்பிட்ட வட்டி கிடைக்கும் என்று கிழக்கிந்தியக் கம்பெனி உத்தரவாதம் கொடுத்தது. வட்டி குறைந்தால் ஈடுகட்டுவது இந்திய வருவாய், அதாவது நம் ஊர்க் குடியானவனின் வரி. நிலத்தையும் அரசே கையகப்படுத்தி, 99 ஆண்டுகளுக்குக் கம்பெனிக்கு விலையில்லாமல் கொடுத்தது. கொரட்டூரிலும் அம்பத்தூரிலும் வயல் இழந்தவர், வரி கட்டியவர், பிறகு டிக்கெட் வாங்கியவர் என்று ஒரே ஆள் மூன்று முறை இந்தப் பாதைக்குக் கொடுத்திருக்கிறார். பாதையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எஞ்சினியர்களின் பெயரை மறக்காமல் எழுதுகிறார்கள். ஜார்ஜ் பார்க்ளே புரூஸ் என்ற தலைமைப் பொறியாளர் நிச்சயம் திறமைசாலிதான். வயல் கொடுத்தவர்களின் பெயர்களையும் அப்படி எழுதிவைத்திருக்கலாம்.

1853 ஜூன் 9-ம் தேதி ராயபுரத்தில் வேலை தொடங்கியது. மூன்று ஆண்டுகளில் வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் பாதை தயாரானது. 1856 ஜூன் 28 அன்று ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்துவைத்தார். அவரோடு சுமார் முந்நூறு ஐரோப்பியர்கள் ஏறிய வண்டி ஆற்காட்டுப் பக்கம் போனது. இந்தியர்களை ஏற்றிய இன்னொரு வண்டி அன்றே திருவள்ளூர் வரை போய்த் திரும்பியது. வண்டிப் பெட்டிகளைக் கட்டியது சென்னையிலேயே இருந்த சிம்சன் கம்பெனி. ஜூலை 1 முதல் பொதுமக்கள் பயணம் செய்யலாம் என்றானது. மும்பைக்கும் தானேவுக்கும் இடையே முதல் பயணிகள் வண்டி ஓடி அப்போது மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

இந்தத் திறப்பு விழாவில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி அந்த இரண்டாவது வண்டிதான். ஆளுநரின் வண்டி தூரத்துக்குப் போனது. நம் மக்களின் வண்டி அருகில் இருந்த ஊருக்குப் போய்த் திரும்பியது. நூற்று எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் இந்தத் தடத்தில் இருவகை வண்டிகள்தான் ஓடுகின்றன. ஒன்று தூரத்துக்கான மெயில், மற்றொன்று திருவள்ளூர் லோக்கல்.

பாதை ஏன் இந்த வழியாகப் போனது? அன்றைக்கு மேற்கே போக இருந்த பெருவழி பூந்தமல்லி நெடுஞ்சாலைதான். கோட்டையிலிருந்து கிளம்பும் படையும் பல்லக்கும் மாட்டுவண்டியும் பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர், காஞ்சிபுரம் வழியாகத்தான் ஆற்காட்டையும் பெங்களூரையும் அடைந்தன. பூந்தமல்லியில் கோட்டை இருந்தது, படை முகாம் இருந்தது, சந்தை இருந்தது, சத்திரங்கள் இருந்தன. ரயிலுக்கு முந்தைய சென்னையின் மேற்கு வாசல் அதுதான். இருப்புப் பாதையோ அந்த வாசலைத் தொடாமல், வடக்கே ஒதுங்கி, ஏரிகளுக்கு நடுவே கிடந்த மேட்டு நிலத்தில் ஆவடி, திருவள்ளூர், அரக்கோணம் என்று போய்விட்டது.

பூந்தமல்லிக்கு மட்டும் நடந்ததல்ல இது. வாலாஜா ரோடு நிலையம் பாலாற்றுக்கு வடக்கே நின்றுவிட, ஆற்காடு ஊர் தென்கரையில் தனித்துக் கிடந்தது. வேலூருக்கு ரயில் இல்லை, காட்பாடிக்குத்தான். சேலம் ஜங்ஷன் சூரமங்கலத்தில் அமைந்தது. 1862-ல் பாதை போத்தனூர் வழியாகப் பாலக்காட்டுக் கணவாயை நோக்கிப் போனபோது கோயம்புத்தூர் நகரமே ஒதுக்கப்பட்டது. 1873-ல் மேட்டுப்பாளையத்துக்குக் கிளைப்பாதை போட்டபோதுதான் கோவைக்கு ரயில் கிடைத்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பாதையின் குணம் தெரிகிறது. சமதளம், சரிவு, பாலச் செலவு, நேர்கோடு ஆகியவற்றைத்தான் அது பார்த்தது. ஊர்கள் அதைத் தேடி வர வேண்டியிருந்தது.

பூந்தமல்லி தேடிப் போகவில்லை. அதனால் நூறு ஆண்டுகளில் அதன் இடம் மாறிப்போனது. பெயர் தெரியாத சிற்றூராக இருந்த ஆவடி பெரிய ஊராயிற்று. பெருவழியின் தலைவாசலாக இருந்த பூந்தமல்லி, ஆவடிக்கும் சென்ட்ரலுக்கும் பஸ் பிடித்துப் போய் ரயில் ஏறும் ஊராயிற்று.

ஏரிகளைப் பற்றி ஒரு வார்த்தை. வில்லிவாக்கத்திலிருந்து திருநின்றவூர் வரை இந்த வட்டாரம் ஏரிகளால் ஆனது. கொரட்டூர் ஏரி, அம்பத்தூர் ஏரி, ஆவடிக்கருகே பருத்திப்பட்டு ஏரி என்று ஒன்றன் உபரி நீர் இன்னொன்றுக்கும் வயலுக்கும் போகும்படி நம் முன்னோர் அமைத்திருந்தார்கள். ரயில் பாதை மண் கொட்டி உயர்த்திய கரை மேல் போகிறது. நீர் தன் போக்கில் பரவி ஓடிய நிலத்தில் அப்படி ஒரு கரை எழுந்தால், அந்த நீர் இனிச் சிறு மதகுகள் வழியாகத்தான் ஓட முடியும். வயல்கள் இருந்தவரை அது தாங்கியது. வயல்கள் வீடுகளான பிறகு, ஐப்பசி கார்த்திகை மழையில் பாதைக்கு அடியிலுள்ள சுரங்கப் பாதைகளில் இடுப்பளவு தண்ணீர் நிற்பதைப் பார்க்கிறோம். அந்தத் தண்ணீர் தன் பழைய வழியைத்தான் தேடிக்கொண்டிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஓடத் தொடங்கிய வண்டிக்குத் தீனி வேண்டுமே. சென்னை மாகாணத்தில் நிலக்கரி கிடையாது. இங்கிலாந்திலிருந்து கப்பலில் வரும் கரி கட்டுப்படியாகவில்லை. ஆகவே மெட்ராஸ் ரயில்வேயின் எஞ்சின்கள் பல்லாண்டுகள் விறகை எரித்தே ஓடின. தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டைகளுக்கும் மரம்தான் தேவை. பாதை மேற்கே நீள நீள, இருபுறமும் காடு குறைந்தது. பாதை திறந்த அதே 1856-ல்தான் சென்னை மாகாணத்துக்கு முதல் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் நியமிக்கப்பட்டார். ரயில்வேயின் விறகுப் பசியைப் பற்றி அவர் கவலையோடு எழுதியிருக்கிறார். அந்தப் பசியைத் தீர்க்கத்தான் சென்னையை ஒட்டிய கடற்கரை மணலில் சவுக்குத் தோப்புகள் பரவலாக வைக்கப்பட்டன. இன்றைக்குக் கல்யாணப் பந்தலுக்கும் கட்டடச் சாரத்துக்கும் நாம் பயன்படுத்தும் சவுக்கு, இந்த ஊரில் வேரூன்றியதற்கு மேற்கே போன ரயிலும் ஒரு காரணம்.

பாதையின் வேகம் வியக்கத்தக்கது. கிழக்கிலிருந்து ஒரு படையும் மேற்கிலிருந்து ஒரு படையுமாக வேலை நடந்தது. 1861 மார்ச் 12-ல் திரூருக்கும் பேப்பூருக்கும் இடையே கேரளத்தின் முதல் ரயில் ஓடியது. அதே ஆண்டில் இந்தப் பக்கம் சேலம் வரை வண்டி போய்விட்டது. 1862-ல் இரண்டு முனைகளும் சேர்ந்தன. ராயபுரத்தில் வங்கக் கடலைப் பார்த்து ஏறியவர் பேப்பூரில் அரபிக் கடலைப் பார்த்து இறங்கலாம். அதற்குப் பிறகு வேகம் தளர்ந்தது. கோழிக்கோட்டுக்கு 1888-லும், மங்களூருக்கு 1907-லும்தான் வண்டி போய்ச் சேர்ந்தது. ராயபுரத்திலிருந்து மங்களூர் வரை அரை நூற்றாண்டு.

அதற்குள் கிளம்பும் இடமும் மாறிவிட்டது. 1873-ல் ஜார்ஜ் ஹார்டிங் வடிவமைத்த சென்ட்ரல் நிலையம் எழுந்தது. மணிக்கூண்டோடு நாம் அறிந்த முகத்தை அதற்குப் பின்னர் கொடுத்தவர் சிஸ்ஹோம். ராயபுரம் மெல்லப் பின்னுக்குப் போனது. இந்தப் பாதை அகலப் பாதை, ஐந்தடி ஆறங்குலம். தென்மாவட்டங்களுக்குப் போனதோ எழும்பூரிலிருந்து கிளம்பிய மீட்டர் பாதை. மதுரைக்காரருக்கு எழும்பூர், மலையாளத்துக்காரருக்கு சென்ட்ரல் என்ற பாகுபாடு அப்படி வந்தது. அதன் பலனை இந்த அத்தியாயத்தின் பிற்பகுதியில் பார்ப்போம்.

வண்டி ஓடத் தொடங்கியபோது வெள்ளைக்கார அதிகாரிகள் பலருக்கு ஒரு சந்தேகம் இருந்தது: சாதி வேற்றுமை பார்க்கும் இந்தியர்கள் ஒரே பெட்டியில் உட்காருவார்களா? கட்டணம் கொடுத்துப் பயணம் செய்ய இவர்களுக்கு வேலை என்ன இருக்கிறது? அந்தக் கேள்விக்கு விடை சொன்னது திருவள்ளூர். வீரராகவப் பெருமாள் கோயிலில் அமாவாசைதோறும் கூட்டம் கூடும். தை அமாவாசைக்குச் சொல்லவே வேண்டாம். முந்தின நாளே மாட்டுவண்டி பூட்டிக் கிளம்ப வேண்டியிருந்த பயணம், காலையில் போய் மாலையில் திரும்பும் பயணமானது. அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா பக்கம் பாதை திரும்பியதும் திருத்தணிக்கும் திருப்பதிக்கும் போகிறவர்கள் சேர்ந்துகொண்டார்கள். இந்திய ரயில்களின் வருமானத்தைத் தாங்கியது மூன்றாம் வகுப்புதான். கழிப்பறை வசதிகூட இல்லாத அந்தப் பெட்டிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்து போனவர்கள்தான், சொகுசுப் பெட்டிகள் ஓடுவதற்கான செலவையும் கொடுத்தார்கள்.

மெயில் வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது தபாலால். ஆர்.எம்.எஸ். என்று இன்றும் நாம் சொல்லும் ரயில்வே தபால் சேவையின் பெட்டி அதில் கோக்கப்பட்டிருக்கும். ஓடும் வண்டியில், இரவு முழுக்க விளக்கு வெளிச்சத்தில், சிறு சிறு அடுக்கறைகளில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரித்துப் போடுவார்கள். வண்டி அடுத்த ஜங்ஷனை அடைவதற்குள் அந்த ஊர்ப் பை கட்டி முத்திரை வைத்துத் தயாராக வேண்டும். தபால் நிலையத்தில் நேரம் தவறியவர்கள் கூடுதல் தபால்தலை ஒட்டி, நிலையத்துக்கே ஓடிவந்து அந்தப் பெட்டியின் துளையில் கடிதத்தைப் போடலாம். சென்னையில் வேலைக்கு வந்த மகன் பாலக்காட்டுத் தாய்க்கு எழுதிய கடிதமும், பெங்களூர்ப் பாசறைக்குப் போகும் ராணுவ உறையும் அம்பத்தூரைத் தாண்டும்போது ஒரே மேசையில் கிடந்திருக்கும்.

இந்தப் பாதையின் இருண்ட பக்கங்களையும் எழுதித்தான் ஆக வேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும் பஞ்சத்தில், சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய அரிசி இந்தத் தடத்தின் வழியாகத்தான் உள்நாட்டுக்குப் போனது. சேலம், பெல்லாரி வட்டாரங்களில் மக்கள் மடிந்துகொண்டிருந்தார்கள். தானியம் போய்ச் சேர்ந்தது. வாங்கக் காசு இருந்தவர்களுக்குக் கிடைத்தது. ரயில் இருந்தால் பஞ்சம் இருக்காது என்று சொன்னவர்களின் வாக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் பொய்த்தது. லட்சக்கணக்கானவர்கள் தண்டவாளத்துக்கு எட்டும் தூரத்திலேயே பட்டினியால் செத்தார்கள்.

1921-ல் மலபாரில் மாப்பிள்ளைக் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது இன்னொரு கொடுமை நடந்தது. நவம்பர் 19-ம் தேதி இரவு, திரூரில் சுமார் நூறு கைதிகளைக் காற்றுப் புகாத ஒரு சரக்குப் பெட்டியில் அடைத்து, சென்னைப் பக்கம் வரும் பயணிகள் வண்டியோடு கோத்து அனுப்பினார்கள். போத்தனூரில் கதவைத் திறந்தபோது பலர் மூச்சுத் திணறி இறந்துகிடந்தார்கள். மொத்தம் எழுபது பேர் உயிரிழந்தார்கள். ‘வாகன் டிராஜெடி’ என்று கேரளத்தில் இன்றும் நெஞ்சு கனக்கப் பேசுகிறார்கள். முன்னால் இருந்த பெட்டிகளில் பயணிகள் தூங்கிக்கொண்டு வந்தார்கள் என்பதை நினைக்கும்போது மனம் ஆறுவதில்லை.

நிர்வாகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1908-ல் மெட்ராஸ் ரயில்வே கலைக்கப்பட்டு, சென்னை முதல் ஜோலார்பேட்டை வரையிலான பகுதி மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராத்தா (எம்.எஸ்.எம்.) ரயில்வேக்கும், அங்கிருந்து மங்களூர் வரை தென்னிந்திய ரயில்வேக்கும் போனது. ஒரே வண்டி இரண்டு கம்பெனிகளின் மண்ணில் ஓடியது. 1951 ஏப்ரல் 14-ல் தெற்கு ரயில்வே உருவானபோது மீண்டும் ஒரே குடைக்குள் வந்தது. மங்களூர் மெயிலின் எண்கள் நெடுங்காலம் 6601, 6602. இப்போது 12601, 12602.

நம் இருபது கிலோமீட்டருக்குத் திரும்புவோம். மெயில் இங்கே நிற்கவில்லை. ஆனால் மெயில் ஓடுவதற்கு வேண்டிய வேலைகள் இங்கே நின்றன. 1856-லேயே பெரம்பூரில் பெட்டிகளும் வேகன்களும் பழுதுபார்க்கும் தொழிற்சாலை தொடங்கிவிட்டது. கொல்லர், தச்சர், வார்ப்பு வேலைக்காரர், பாய்லர் செய்பவர் என்று பரம்பரையாகக் கைத்தொழில் தெரிந்தவர்கள் அங்கே சங்கு ஊதும் நேரத்துக்கு வேலைக்குப் போகப் பழகினார்கள். பெரம்பூரும் அயனாவரமும் அப்படித்தான் வளர்ந்தன. பின்னாளில் எஞ்சின் தொழிற்சாலை தனியானது. மேற்குப் புறநகரின் முதல் தொழிலாளர் தலைமுறை ரயில்வேத் தொழிலாளர் தலைமுறைதான்.

இரண்டாம் உலகப்போரில் ஆவடிக்குத் திருப்பம் வந்தது. துறைமுகத்துக்கு எட்டும் தூரம், கையருகே அகலப் பாதை, பரந்த வெற்று நிலம் என்று ராணுவத்துக்கு வேண்டிய எல்லாம் இருந்தன. பெரிய ராணுவக் கிடங்குகள் அமைந்தன. பிரதான பாதையிலிருந்து பிரிந்து கிடங்குகளுக்குள் பாதை போனது. பட்டாபிராம் மிலிட்டரி சைடிங் என்ற பெயர் இன்றும் லோக்கல் வண்டிகளின் பலகையில் இருக்கிறது.

பிறகு 1955. ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. முதலமைச்சர் காமராஜர், மாநாட்டுத் தலைவர் யு.என்.தேபர். சோஷலிச பாணி சமுதாயம் என்ற தீர்மானம் நிறைவேறியது அங்கேதான். இந்திய அரசியல் புத்தகங்களில் ஆவடி என்ற பெயர் அன்று ஏறியது. மாநாட்டுக்கு வந்திருந்த பிரதமர் நேரு அதே ஆண்டு அக்டோபர் 2-ல் மறுபடியும் இந்தப் பாதைக்கு அருகே வந்து, சுவிஸ் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு அமைந்த ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையைத் திறந்துவைத்தார். ஆவடியில் கொள்கை, பெரம்பூரில் அதன் உருவம். இரண்டுக்கும் இடையே ரயிலில் அரை மணி நேரம்கூட இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்தியாவின் எல்லாத் திசைகளிலும் ஓடிய அந்த எஃகுப் பெட்டிகள் இங்கே பிறந்தவை. பழைய வடிவப் பெட்டி 2018-ல் இங்கே கடைசியாக உருவாகி வெளிவந்தது. அதே ஆண்டில்தான் பின்னாளில் வந்தே பாரத் என்று பெயர் பெற்ற வண்டியும் இங்கே உருவானது.

ஐ.சி.எஃப்.புக்கு முன்னும் பின்னுமாகத் தொழிற்சாலைகள் வரிசை கட்டின. அம்பத்தூரில் 1949-ல் நிறுவப்பட்ட டி.ஐ. சைக்கிள்ஸ், நாடெங்கும் ஹெர்குலிஸ் சைக்கிளை ஓடவைத்தது. டன்லப் டயர் வந்தது. பாடியில் டி.வி.எஸ். குழும ஆலைகள் வந்தன. 1961-ல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. 1965-ல் விஜயந்தா டாங்கி அதிலிருந்து வெளிவந்தது. தட்டையான வேகன்களின் மேல் தார்ப்பாய் போர்த்தி ஏற்றப்பட்ட டாங்கிகள் வரிசையாகக் கடப்பதைக் கேட்டில் நின்று பார்த்து வளர்ந்த பிள்ளைகள் இந்த ஊர்களில் பல்லாயிரம் பேர். 1964-ல் அம்பத்தூர் தொழிற்பேட்டை எழுந்தது. பட்டரவாக்கம் நிலையத்தில் காலை எட்டு மணிக்கு இறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் அந்தப் பேட்டையின் அளவு புரியும்.

இந்த ஆலைகளுக்கு ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள்? திருவள்ளூர், அரக்கோணம், வட ஆற்காடு வட்டாரங்களிலிருந்து வந்தார்கள். கணிசமானவர்கள் மலபாரிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் வந்தார்கள். சென்ட்ரலில் இறங்கிய மலையாளிக்கு ரயில்வேயிலும் ஐ.சி.எஃப்.பிலும் ஆவடி ராணுவத் தொழிற்சாலைகளிலும் வேலை கிடைத்தது. அயனாவரம், வில்லிவாக்கம், அம்பத்தூர், ஆவடி என்று பாதையை ஒட்டியே அவர்கள் குடியேறினார்கள். அங்கெல்லாம் கேரள சமாஜங்களும் ஐயப்பன் கோயில்களும் நேந்திரங்காய் வறுவல் கடைகளும் வந்தன. எழும்பூருக்கும் சென்ட்ரலுக்கும் இடையிலான அந்தப் பழைய பாகுபாட்டின் பலன் இதுதான். எந்த நிலையத்தில் இறங்கினார்களோ, அந்த நிலையத்தின் தடத்திலேயே வாழ்க்கையையும் அமைத்துக்கொண்டார்கள்.

ஓணத்துக்கோ விஷுவுக்கோ அவர்கள் ஊருக்குப் போகும் விதத்தைப் பாருங்கள். ஆவடியில் இருக்கும் குடும்பம் மாலையில் மூட்டை முடிச்சோடு லோக்கல் பிடித்துக் கிழக்கே சென்ட்ரலுக்குப் போகும். அங்கே மெயிலில் ஏறும். அரை மணி நேரத்தில் மெயில் தங்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே மேற்கே பாய்ந்து போகும். குழந்தைகள் சன்னலில் முகம் வைத்து, பூட்டிவிட்டு வந்த வீட்டின் தெருவிளக்கைத் தேடும். அறுபது ஆண்டுகளாக இந்த வட்டாரத்தின் வழக்கம் இது. திரும்பி வரும்போதும் அப்படியே: விடியற்காலையில் வீட்டைக் கடந்து சென்ட்ரலுக்குப் போய், முதல் லோக்கல்களில் ஒன்றைப் பிடித்துத் திரும்பி வர வேண்டும்.

1979-ல் திருவள்ளூர் வரை பாதை மின்மயமாகி, மின்சார வண்டிகள் ஓடத் தொடங்கின. கடற்கரை–தாம்பரம் பாதைக்கு 1931-லேயே கிடைத்த வசதி, மேற்குப் புறநகருக்கு நாற்பத்தெட்டு ஆண்டுகள் கழித்துக் கிடைத்தது. அதற்கு முன், நீராவி எஞ்சின் இழுத்த பாசஞ்சர் வண்டியில் வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும், மெயில் என்றால் என்ன என்று. மெயில் வருகிறது என்றால் லோக்கல் ஒதுங்க வேண்டும். சங்கு ஊதும் நேரம் தப்பினால் அரை நாள் சம்பளம் போகும். அதைப் பற்றிச் சிக்னலுக்குக் கவலையில்லை. இப்போது ஆவடி வரை நான்கு பாதைகள் இருக்கின்றன, விரைவு வண்டிகளுக்குத் தனித் தடம் உண்டு. தண்டவாளம் இரட்டிப்பானபோது ஊரின் நடுவே இருந்த பிளவும் அகலமானது. கேட் மூடியிருக்கும் நேரம் கூடியது. பொறுமையிழந்து குறுக்கே கடந்தவர்கள், வேகமாக வந்த வண்டியில் அடிபட்டார்கள். ஒவ்வொரு ஊரும் மேம்பாலத்துக்கும் சுரங்கப் பாதைக்கும் வருடக்கணக்கில் மனு கொடுத்தே பெற வேண்டியிருந்தது. இந்த மனுக்களும் இந்தப் பாதையின் வரலாற்று ஆவணங்கள்தாம் என்பேன். அவற்றை யாராவது திரட்டி வைக்க வேண்டும்.

2001 ஜூன் 22 மாலை, சென்னையை நோக்கி வந்துகொண்டிருந்த மங்களூர் மெயிலின் சில பெட்டிகள் கடலுண்டி ஆற்றுப் பாலத்தில் தடம்புரண்டு விழுந்தன. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அன்றிரவு கோழிக்கோட்டில் எத்தனை வீடுகள் விழித்திருந்தனவோ, அதே பதைப்போடு சென்னையின் இந்த மேற்கு ஊர்களிலும் வீடுகள் விழித்திருந்தன. கைபேசி எல்லோர் கையிலும் வராத காலம். பள்ளி திறப்பை ஒட்டி ஊரிலிருந்து திரும்பும் மாதம் வேறு.

2011-ல் அம்பத்தூர் சென்னை மாநகராட்சியில் சேர்ந்தது. 2019-ல் ஆவடி தானே ஒரு மாநகராட்சியானது. பல லட்சம் பேர் வாழும் இந்த நகரங்கள் தொலைதூர வண்டிகளுக்கு நிறுத்தம் கேட்பதை ரயில்வே நெடுங்காலமாக நேரக் கணக்கால் மறுத்துவந்திருக்கிறது. ஒரு நிறுத்தம் என்றால் வேகம் குறைந்து, நின்று, மீண்டும் வேகம் பிடிப்பதற்குள் சில நிமிடங்கள் போகும் என்பது உண்மைதான். ஆனால் அந்த நிமிடங்களுக்காக ஆயிரக்கணக்கான குடும்பங்கள் இரண்டு மணி நேரம் எதிர்த்திசையில் போய் வருவதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். பெரம்பூரில் சில வண்டிகள் நிற்பதால் சென்ட்ரலின் நெரிசல் எவ்வளவு குறைகிறது என்பதை அந்த நடைமேடையில் காலையில் நின்று பார்த்தவர்கள் அறிவார்கள். அதே நியாயம் அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் உண்டு.

பூந்தமல்லிக்கு இப்போது வேறொரு வாசல் திறக்கிறது. கலங்கரை விளக்கத்திலிருந்து வரும் மெட்ரோ பாதையில், 2025 மார்ச்சில் பூந்தமல்லிப் பக்கம் ஓட்டுநர் இல்லாத வண்டியின் சோதனை ஓட்டம் நடந்தது. 1856-ல் ஒதுங்கிப் போன தண்டவாளம் நூற்று அறுபத்தொன்பது ஆண்டுகள் கழித்து, தூண்களின் மேல் ஏறிப் பூந்தமல்லிக்கு வந்திருக்கிறது.

மெயில் இப்போது திருவள்ளூரைத் தாண்டி, கடம்பத்தூர், திருவாலங்காடு வழியாக அரக்கோணத்தை நெருங்குகிறது. அங்கே பாதை இரண்டாகப் பிரியும். ஒரு கிளை ரேணிகுண்டா, கடப்பை வழியாக வடமேற்கே போய், 1871-ல் ரெய்ச்சூரில் மும்பைப் பாதையோடு சேர்ந்தது. சென்னையையும் மும்பையையும் இணைத்த அந்தக் கிளையையும், அதன் பொருட்டு அரக்கோணம் என்ற ஊர் உருவான விதத்தையும் அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)